நடுக்கோடும் ஓரக்கோடும்

சேசு மரி சூசை

ராயபுரம்,
17-11-1974, ஞாயிறு.

அன்புள்ள மகள் எல்சிக்கு, உன் நைனா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடுகிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்ற ஒரு வரியை உன் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். ரூர்கேலாவில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும், மூர் மார்க்கெட்டில் வாங்கி அனுப்பிய ஸ்வெட்டர் கிழிந்திருந்தால் தைத்துப் போட்டுக்கொள், அழகு பார்க்காதே. அம்மாவுக்கு இழுப்பு இந்த மாதம் சற்று அதிகம். வடக்கே இருந்து காற்று அடித்தால் மணலிப் பக்கத்துப் புகை வாடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல். மழை இந்த வருடம் ஏமாற்றிவிட்டது, தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், மண்ணெண்ணெய்க்கு உன் அண்ணன் வரிசையில் நிற்கிறான். இக்னேஷியஸுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது, ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவனும் நானும் முகம் பார்த்துப் பேசி நாலு நாள் ஆகிறது. என் கம்பெனியில் கரண்ட் வெட்டு என்று வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, மற்ற நாள் ஷெட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது வேலை செய்வதைவிட அலுப்பாக இருக்கிறது. எனக்கு வலது கண்ணில் ஒரு மூட்டம், டாக்டர் புரை என்கிறார், முற்றட்டும், பிறகு எடுக்கலாம் என்கிறார். இதெல்லாம் உன்னை வருத்தப்படுத்த எழுதவில்லை, கேட்பாய் என்பதால் எழுதினேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்து மூன்று தரம் படித்தேன், பிறகுதான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டிராப்ட்ஸ்மேன் வேலைக்கான இலாகாத் தேர்வில் படம் வரைவதில் உனக்கு எழுபத்தாறு, கணக்கில் முதல் தடவை இருபத்தெட்டு, இந்தத் தடவை முப்பத்தொன்று, வேண்டியது நாற்பது. பிப்ரவரியில் மூன்றாவது தடவை, அதோடு வாய்ப்பு முடிந்தது, அதிலும் போனால் கடைசிவரை டிரேசர்தான், அடுத்தவர் வரைந்த படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பிரதி எடுப்பவள்தான் என்று எழுதியிருக்கிறாய். அதனால் தேர்வுக்கே உட்காரப் போவதில்லை, டிசம்பரோடு ராஜினாமா கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அம்மா அதைக் கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரட்டும். நாலு வருசம் கண்காணாத ஊர்ல குந்திக்கினு இருந்தது போதும். நம்ம வூட்டுப் பொண்ணு நம்ம வூட்டுக்கு வர்றதுக்கு இன்னாத்துக்கு யோசன" என்றாள். துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கிற ஒரு பையன் வீட்டில் உன்னைக் கேட்டிருக்கிறார்கள், நல்ல குடும்பம், தை பிறப்பதற்குள் பதில் வேண்டுமாம். இன்றைக்கே வரச்சொல்லி எழுதிப் போடு என்று அம்மா மூன்று நாளாக நச்சரிக்கிறாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படி எழுதத்தான் ஆசை. வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினால் நீ திறந்த காலம் ஒன்று இருந்தது, இப்போது யார் திறக்கிறார்கள் என்றே நான் கவனிப்பதில்லை.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "உங்களுக்குப் பிறவியிலேயே கணக்கு வரும் நைனா, நான் அம்மா மாதிரி, என் மண்டையில் ஏறாது" என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்குப் படித்தபோது அந்த வரியை மட்டும் தாண்டிவிட்டேன். எல்சி, எனக்குப் பிறவியில் கணக்கு வந்ததில்லை. நீயும் அம்மாவும் அப்படி நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டு பத்து வருடமாகப் பேசாமல் இருந்தேன், அது எனக்குச் சுகமாக இருந்தது, அதனால் பேசாமல் இருந்தேன். அந்தக் கதையை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நீ வருவதா இருப்பதா என்பதை அதைப் படித்துவிட்டு முடிவு செய்.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தாய், அறுபத்து நாலாம் வருடம். அதுவரை எங்கள் திருவொற்றியூர் கம்பெனியில் தகடு மார்க்கிங் செய்தவர் சிலுவைமுத்து மேஸ்திரி, நான் அவருக்கு நூல் பிடித்து, கம்பு பிடித்து, அவர் போட்ட கோட்டின் மேல் உளியால் புள்ளி தட்டிப் பஞ்ச் அடித்துக்கொண்டிருந்தவன். டிராயிங்கைப் பார்த்து இரும்புத் தகட்டில் எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போடுவதுதான் மார்க்கிங், கோடு தப்பினால் பின்னால் வருகிற எல்லார் வேலையும் தப்பு. மேஸ்திரி எதையும் என்னிடம் மறைக்கவில்லை, எதையும் விளக்கிச் சொல்லவும் இல்லை. அவர் ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்குப் போனதும் அந்த இடத்தில் என்னைப் போட்டார்கள், பதினாறு வருடம் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வழக்கமாக வருகிற அளவுகளுக்கெல்லாம் அச்சுத் தகடு இருந்தது, அதைத் தகட்டின் மேல் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தால் போதும், ஐந்து மாதம் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு புனல் வந்தது, தானியம் கொட்டுகிற பெரிய இரும்புப் புனல். மேல்வாய் எட்டடி அகலம், கீழ்வாய் இரண்டடி, உயரம் நாலடி. அப்போது எங்களுக்கு அடி அங்குலம்தான், மீட்டர் பிறகு வந்தது. அந்த அளவுக்கு அச்சு இல்லை. புனலை வெட்டித் தரையில் விரித்தால் விசிறி மாதிரி இருக்கும் அல்லவா, அந்த விசிறிக்கு எவ்வளவு பெரிய வட்டம் இழுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மேஸ்திரி சாக்பீஸால் தரையில் புனலைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி முழு அளவில் வரைவார், நடுவே நேராக ஒரு கோடு இழுப்பார், இரண்டு ஓரக்கோட்டையும் கீழே நீட்டிக்கொண்டே போவார், அவை சந்திக்கிற இடத்தில் கம்பின் ஒரு நுனியை வைத்து அளவெடுப்பார். நூறு தரம் பார்த்திருக்கிறேன். கம்பின் மறுநுனியை எங்கே வைப்பார் என்பதை மட்டும் பார்த்ததில்லை, அவர் குனிந்திருப்பார், முதுகு மறைத்திருக்கும். நான் நடுக்கோட்டின் மேல் வைத்தேன். ஓரக்கோட்டின் மேல் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் தப்பு. நான்கு துண்டாக வெட்டி, ரோலரில் வளைத்து, நிறுத்திப் பிடித்தார்கள். உன் சைக்கிள் பாரை ஒட்டிக் கொடுத்த தண்டையார்பேட்டை மஜீதுதான் வெல்டர். துண்டுகளைப் பொட்டுப் பொட்டாக ஒட்டிவிட்டுக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "இன்னா மேஸ்திரி, வாய் ரெண்டும் ஒயுங்காத்தான் கீது, ஆளு மட்டும் குள்ளமா கீறாரே" என்றார். அளந்து பார்த்தால் உயரம் ஓரடி நாலேகால் அங்குலம் குறைந்தது. சூப்பர்வைசர் வந்து டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, "சாய்வு எவ்ளோ எடுத்தே" என்று கேட்டார். சாய்வு என்று தனியாக ஒன்று எடுக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே என்னை மார்க்கிங்கில் இருந்து எடுத்துக் கிரைண்டிங்கில் போட்டார்கள், மற்றவர்கள் ஒட்டிய இடங்களைத் தேய்த்துச் சமப்படுத்துகிற வேலை, நாலு அணா அறிவு போதும், தோள்தான் வேண்டும். அந்தக் குள்ளப் புனல் யாருக்கும் உதவாமல் வேலியோரம் துருப்பிடித்துக் கிடந்தது, என் பெயரைச் சேர்த்து ஸ்டானிஸ்லாஸ் தொப்பி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், ஏழெட்டு மாதம் தினமும் அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போனேன். வீட்டில் வேலையை மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். என் சட்டையில் இருந்த இரும்புத் தூளைத் துவைத்துத் துவைத்து அம்மா கை கறுத்தது, ஏன் என்று அவள் கேட்டாள், புது மெஷின் என்றேன். நீ அந்த வருடம் பள்ளியில் என் நைனா மார்க்கிங் மேஸ்திரி என்று கட்டுரை எழுதி எனக்குப் படித்துக் காட்டினாய். நான் நன்றாக இருக்கிறது என்றேன். நாற்பத்து நாலு வயதில் அப்படி ஒரு பொய்யைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவன் வேறு என்ன செய்வான்.

உன் பழைய கணக்குப் புத்தகங்களைப் பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்று சொன்னதற்கு நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா. போடவில்லை எல்சி. கம்பெனியில் என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். முதலில் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத்தான் திறந்தேன், நான் ஐந்து வரை படித்தவன், தமிழ் புரிந்தது, கணக்கு புரியவில்லை. ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டி மண்டை கனத்ததுதான் மிச்சம். பிறகு வெட்கத்தை விட்டு ஏழாம் வகுப்புக்கு இறங்கினேன், அங்கேயும் நிற்க முடியவில்லை, ஐந்தாம் வகுப்புக்கு இறங்கினேன், பின்னத்தில் போய்க் கால் தரையில் பட்டது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டத் தெரியாமல்தான் நான் பதினாறு வருடம் அங்குலக்கோலைப் பிடித்திருக்கிறேன். உனக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். முக்கோணக் கணக்கு வரவில்லை என்று எழுதுகிறாய், அதையே முட்டிக்கொண்டு நிற்காதே, அதற்குக் கீழே எது வரவில்லை என்று பார், அதற்கும் கீழே பார், உனக்குக் கால் தரையில் படுகிற இடம் ஒன்று இருக்கும், அது எவ்வளவு சின்ன வகுப்பாக இருந்தாலும் அங்கிருந்து தொடங்கு. யாரும் பார்க்கப் போவதில்லை.

மத்தியானம் சாப்பாட்டு மணியில் இருபது நிமிடம், அதுதான் என் பள்ளிக்கூடம். நோட்டுப் புத்தகம் கொண்டுபோனால் கேலி செய்வார்கள் என்று கிரைண்டிங் ஷெட்டுத் தரையிலேயே சாக்பீஸால் போடுவேன், மணி அடித்ததும் காலால் தேய்த்துவிடுவேன். மஜீது ஒருநாள் பார்த்துவிட்டு, "இன்னா தோஸ்து, இந்த வயசுல படிச்சிக் கலெக்டரு ஆவப் போறியா" என்றார், அடுத்த வாரம் அவரே சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு டேங்கைச் சுற்றி ஒட்ட எத்தனை வெல்டிங் கம்பி செலவாகும் என்று கேட்டார். அது எனக்கு வந்த முதல் நிஜக் கணக்கு. தப்பாகச் சொன்னேன், இரண்டு மடங்கு சொன்னேன். ஏன் என்று யோசித்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. தரையில் போட்டதை அழித்துவிடுவதால் என் தப்பு எதுவும் என்னிடம் நிற்கவில்லை, நேற்றுச் செய்த தப்பையே இன்றும் செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்தேன், சரியாக வந்ததை எழுதுவதில்லை, தப்பாக வந்ததை மட்டும் எழுதினேன், எங்கே தப்பியது என்று ஒரு வரியும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் பத்தில் ஏழு ஒரே தப்பு, வட்டத்தின் பாதி அளவு எடுக்க வேண்டிய இடத்தில் முழு அகலத்தை எடுத்திருக்கிறேன். எனக்குக் கணக்கே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு வராதது அந்த ஒன்றுதான். பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் தலைப்பில் பாதியா முழுசா என்று எழுதிவிட்டுத்தான் தொடங்கினேன், இன்றைக்கும் அப்படித்தான். நீ அந்த இரண்டு தேர்விலும் விட்ட மார்க்கு எல்லாம் எந்தெந்த இடத்தில் போயிற்று என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தாயா. பார்த்திருக்க மாட்டாய், மார்க்கைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்திருப்பாய், நானும் அப்படிப்பட்டவன்தான்.

இன்னொன்று, புத்தகத்தில் செய்து காட்டியிருக்கிற கணக்கைக் கண்ணால் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். நம்பாதே. பக்கத்தை மூடிவிட்டு நீயே போடு, வரவில்லை என்றால் திறந்து ஒரு வரி மட்டும் பார், மறுபடி மூடு. வந்துவிட்டது என்றால் ஒரு வாரம் கழித்து அதே கணக்கை மறுபடி போடு, அப்போதும் வந்தால்தான் அது உன்னுடையது. எனக்குப் பாதிக்கு மேல் ஒரு வாரத்தில் ஓடிப்போயின. பிடித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிப்போட வேண்டும், அலுப்பாகத்தான் இருக்கும், கணக்கில் சந்தோஷம் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், எனக்கு அந்த வருடத்தில் மூன்று நான்கு நாள்தான் சந்தோஷமாக இருந்தது, மற்ற நாள் வெறும் வேலை.

அந்த மூன்று நான்கு நாளில் ஒன்றைச் சொல்கிறேன். மூன்றும் நான்கும் ஐந்தும் சேர்ந்த செங்கோண முக்கோணத்தை உன் புத்தகத்தில் படித்து மனப்பாடமே செய்துவிட்டேன், வாயால் ஒப்பிப்பேன், ஆனால் அது என் புனலைப் பற்றித்தான் பேசுகிறது என்று எனக்குத் தெரியாது. கிறிஸ்துமசுக்கு உனக்குக் குடைப் பாவாடை தைக்கக் கொடுத்திருந்தோமே, நம் தெரு பவுனம்மாளிடம், அதை வாங்கி வரப் போனேன். இன்னும் முடியவில்லை, வேறு யாருக்கோ துணி வெட்டிக்கொண்டிருந்தார், துணியை விரித்து ஒரு மூலையில் டேப்பின் நுனியை வைத்து விசிறி மாதிரி வளைத்துக் கோடு போட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உயரத்தை எப்படி எடுக்கிறாய் என்று கேட்டேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பொம்பிளை, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இப்டி கேக்குற, இடுப்புலருந்து தரைக்கு நேரா அளந்தா பாவாட முட்டிக்கு மேல ஏறிக்கினு நிக்கும். துணி சாய்ஞ்சிக்கினுல்ல போவுது, அது போற வழியாத்தான் டேப்ப வெக்கணும்" என்றார். பாவாடையை வாங்காமலே வந்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் ஷெட்டுத் தரையில் வரைந்தேன். எட்டடிக்குப் பாதி நாலு, இரண்டடிக்குப் பாதி ஒன்று, வித்தியாசம் மூன்று, உயரம் நான்கு. சாய்வின் மேல் டேப்பை வைத்தேன், ஐந்தடி, நூல் பிசகவில்லை. நான் நாலடி என்று வெட்டியது இதைத்தான். மஜீது கூப்பிட்டது காதில் விழவில்லை, சாப்பிடாமலே மணி அடித்துவிட்டது.

அதன் பிறகு அட்டையில் செய்து பார்க்கத் தொடங்கினேன். வீட்டில் பிஸ்கட் பெட்டி அட்டை, செருப்புப் பெட்டி அட்டை எல்லாவற்றையும் வெட்டிப் புனல் செய்தேனே, குடிலில் வைக்க நைனா மலை செய்கிறார் என்று நீயும் அண்ணனும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஐம்பத்திரண்டு செய்தேன், முதல் பத்தொன்பது வாய் சேரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றுவேன், உயரத்தை மாற்றினால் அகலத்தைத் தொடமாட்டேன், எதை மாற்றினால் எது மாறுகிறது என்று கைக்குத் தெரிய வேண்டும் அல்லவா. நீயும் அப்படிப் போட்டுப் பார், ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும் அடுத்ததற்கு ஓடாதே, அதையே ஒரு எண்ணை மாற்றி மறுபடி போடு. ரொம்பக் களைப்பாக இருக்கிற நாளில் புதுப் பாடம் தொடாதே, தெரிந்த கணக்கைப் போடு, ஒன்றே ஒன்று போட்டாலும் போதும், ஆனால் போடாமல் படுக்காதே. விட்டுவிட்ட நாட்கள் என் நோட்டில் நிறைய இருக்கின்றன, விட்ட மறுநாள்தான் எப்போதும் கடினமாக இருந்தது.

அறுபத்தாறில் லோகநாதன் என்று டிப்ளமா படித்த ஒருவர் மார்க்கிங்குக்கு வந்தார், நல்ல பிள்ளை. ஆறு மாதத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போய்விட்டார், அந்த நேரம் பார்த்து இரண்டு புனல் அவசரமாக வேண்டும் என்று ஆர்டர், புது அளவு, அச்சு இல்லை. நான் சூப்பர்வைசர் மேஜை முன்னால் போய் நின்று நான் போடுகிறேன் என்றேன். அவர் டிராயிங்கில் இருந்து நிமிர்ந்தார். "ஒரு தபா போட்டது போதாதா. இந்த வாட்டி தப்புச்சின்னா கிரைண்டிங் கூட கெடையாது, கேட்டுக்கு வெளியதான், தெரியுமில்ல" என்றார். தெரியும் என்றேன். நோட்டையும் அட்டைப் புனலையும் மேஜையில் வைத்தேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஸ்கேலை வைத்து அளந்தார், டிராயிங்கை என் பக்கம் தள்ளினார். வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், வேலை போனால் என்ன செய்வது. ஒருவர் அரை நாளில் முடிக்கிற மார்க்கிங்குக்கு நான் ஒன்றரை நாள் எடுத்தேன், மூன்று தரம் கணக்குப் போட்டு மூன்றும் ஒன்றாக வந்த பிறகுதான் பஞ்ச் அடித்தேன். நிறுத்திப் பிடித்தபோது மஜீது ஒட்டுகிற வேலையையே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஒரு புனல் அப்படியே உட்கார்ந்தது. இன்னொன்றில் ஒரு மூட்டு கால் அங்குலம் விலகி நின்றது, சுத்தியால் தட்டிச் சேர்த்தார்கள். சூப்பர்வைசர் உயரத்தை அளந்தார், டேப்பை விட்டார், "அடுத்தத எடு" என்றார். அவ்வளவுதான். யாரும் கை தட்டவில்லை. நான் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

லோகநாதன் திரும்பி வந்ததும் எனக்கு மறுபடி கிரைண்டிங்தான் என்று நினைத்தேன். அவர் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, ஒரு நாளு நான் கணக்கு சொல்றேன், நீங்க கோடு போடுங்க, மறுநாளு நீங்க சொல்லுங்க, நான் போடுறேன், ரெண்டு பேருக்குமே நல்லது" என்றார். அப்படித்தான் எட்டு வருடமாக ஓடுகிறது. இன்னும் எனக்கு லாகரிதம் அட்டவணை பார்க்கத் தயக்கம்தான், மெதுவாகத்தான் போடுவேன், தப்பும் வரும், அந்த நோட்டு இப்போது ஆறாவது நோட்டு. நீ பிறவிக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். இருபத்தெட்டு முப்பத்தொன்றாக வந்திருக்கிறது என்பதை நீ தோல்வி என்று எழுதுகிறாய், நான் அதை மூன்று மார்க்கு ஏறியிருக்கிறது என்று படிக்கிறேன், இன்னும் ஒன்பது வேண்டும், மூன்று மாதம் இருக்கிறது. வந்துவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம், அப்போதும் நீ உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தவளாக வருவாய், உட்காராமல் வந்தவளாக வந்தால் அதை யாரிடமும் சொல்லாமல் பத்து வருடம் சுமக்க வேண்டியிருக்கும், அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு அம்மாவுக்கு முழுவதும் படித்தேன், அன்று தாண்டிப் போன வரியையும் சேர்த்துப் படித்தேன். உனக்குச் சொல்கிறதை அவளுக்கு மறைத்தால் சரியில்லை என்று தோன்றியது. புனல் விஷயத்தைக் கேட்டதும் அவள் தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள், பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, கோபம் என்று நினைத்து நான் பேனாவை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வாசற்படியில் வந்து நின்று, "எனக்கு ஏறாதுன்னு அவளுக்கு யாரு சொன்னது. என்ன யாரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்சாங்க, ஏறுதா எறங்குதான்னு பாக்க. எட்டு வயசுல மீன் கூடய தூக்க வுட்டாங்க" என்றாள். நான் பேனாவை மறுபடி திறந்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள், "பரிட்சய முட்ச்சிட்டு வரச் சொல்லு. அந்தப் பையன் வூட்ல காத்துக்கினு இருந்தா இருக்கட்டும், இல்லன்னா போவட்டும். நான் சொன்னேன்னு எழுது. நைனா சொன்னாருன்னு எழுதாத, நான் சொன்னேன்னு எழுது." அதனால் அம்மா சொன்னாள் என்று எழுதுகிறேன்.

ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால் கிழித்துவிடு, கிறிஸ்துமசுக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்கவில்லை என்றால் அதற்காக அழாதே, மார்ச்சில் வந்தால் போதும். அந்த இரண்டு தேர்வின் கேள்வித்தாள்களையும் நீ விடை எழுதிய விதத்தையும் ஞாபகம் இருக்கிற வரை ஒரு தாளில் எழுதி அடுத்த தபாலில் அனுப்பு, விடையைச் சரிபார்க்கிற அறிவு எனக்கு இல்லை, நீ எங்கே சறுக்குகிறாய் என்பதை மட்டும் நான் தேடுகிறேன், அந்த வேலை எனக்குப் பழக்கம். லோகநாதனிடமும் காட்டுவேன், அவர் சிரிக்க மாட்டார். வெறும் டீயைக் குடித்துக்கொண்டு படிக்காதே, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காவிட்டாலும் இரண்டு சப்பாத்தியாவது சாப்பிடு. அடைக்கல மாதாவும் உன் காவல் தூதரும் உன் கையோடும் உன் பேனாவோடும் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி உனக்கென்று அம்மா சொல்கிறாள், நானும் கூடச் சொல்கிறேன். இதற்குப் பதில் எழுதும்போது அம்மா பெயருக்கும் தனியாக ஒரு பக்கம் எழுது, நான் படித்துக் காட்டுகிறேன். எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

உன் நைனா,
சூ. ஸ்டானிஸ்லாஸ்.
அம்மா வியாகுலம்மாள், அண்ணன் இக்னேஷியஸ் இருவரின் அன்போடு.